கனத்த செரிஃப் எழுத்துரு: வரைவதில் தொடங்கி தலைப்பில் அமர்த்துவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தலைப்புக்கென்று கனத்த செரிஃப் எழுத்துரு, அதாவது கோடுகளின் முனையில் சிறு கால் போன்ற நீட்சியுள்ள தடித்த எழுத்துரு, வரையத் தொடங்குபவர்களில் பலர் ஆங்கிலப் பெரிய ஏ-வில் ஆரம்பித்து வரிசையாகப் போகிறார்கள். ஜே, கே வரும்போதே முதலில் வரைந்தவை வேறு எழுத்துருவைச் சேர்ந்தவை போலத் தெரிய ஆரம்பிக்கும். திரும்பிப் போய்த் திருத்துவார்கள். திருத்தி முடித்ததும் பின்னால் வரைந்தவை ஒட்டாது. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, பாதியில் விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கையில் குறையில்லை, வேலையின் வரிசைதான் தவறு.

கனத்த எழுத்தில் கறுப்பைச் சேர்ப்பது சுலபம். கறுப்புக்குள் மிஞ்சும் வெள்ளையைக் காப்பாற்றுவதில்தான் முழு உழைப்பும் போகிறது. அந்த வெள்ளையை இங்கே 'உள்வெளி' என்று சொல்கிறேன். கீழே உள்ள படிகளின் வரிசை அதை வைத்தே அமைந்தது.

இது ரோமன் எழுத்துகளுக்கான வழிகாட்டி. எழுத்துகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறேன்: 'பெரிய எச்' என்றால் கேப்பிடல், 'சின்ன என்' என்றால் ஸ்மால் லெட்டர். எழுத்துரு வரையப் போவதில்லை, இருப்பதைப் பயன்படுத்தினால் போதும் என்பவர்கள் படி 1-ஐப் படித்துவிட்டு நேராகப் படி 10-க்குப் போகலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மென்பொருளில் ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கிளிஃப்ஸ் மேக்கில் மட்டும். ஃபான்ட்லேப் விண்டோஸிலும் மேக்கிலும் கிடைக்கும். எதை எடுத்தாலும் சரி, எழுத்தை அதற்குள்ளேயே வரையுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்து கொண்டுவந்தால் புள்ளிகள் பின்ன எண்களில் வந்து விழும், தண்டுகளின், அதாவது எழுத்தின் தடித்த நேர்க்கோடுகளின், அகலம் எழுத்துக்கு எழுத்து அரை அலகு மாறியிருக்கும். அதைச் சுத்தம் செய்யும் நேரத்தில் புதிதாகவே வரைந்துவிடலாம்.

ஒரு பிரிண்டர் வேண்டும், சாதாரண லேசர் பிரிண்டர் போதும். திரையில் நாம் எப்போதும் எழுத்தைப் பெரிதாக்கியே பார்க்கிறோம். உண்மையான அளவில் அது என்ன செய்கிறது என்பது தாளில்தான் தெரியும்.

பென்சிலும் தாளும் எடுத்து முதலில் ஒரே ஒரு சொல்லை வரைந்து பாருங்கள். ஒரு சொல் என்றால் எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் எப்படி உட்காருகின்றன என்பது தெரியும். தனி எழுத்தை எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது தெரியாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சாதாரணக் கனமுள்ள ஒரு எழுத்துருவை எடுத்து, சுற்றிலும் கோடு சேர்த்துத் தடிமனாக்குவது. அப்படிச் செய்தால் தண்டு தடிக்கும்போதே மெல்லிய கோடும் அதே அளவு தடிக்கும், செரிஃபின் முனை வீங்கும், உள்வெளி அடைபடும். மற்றவருடைய எழுத்துரு என்றால் உரிமச் சிக்கலும் சேர்ந்து வரும்.

1. எந்த அளவுக்கு மேல் பயன்படப் போகிறது என்று முடிவு செய்யுங்கள்

கனத்த செரிஃப் எழுத்தின் அழகு தடித்த தண்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. அந்த மெல்லிய கோடு எவ்வளவு மெலியலாம் என்பதை, எழுத்து எந்த அளவில் நிற்கப் போகிறது என்பதே தீர்மானிக்கும். ஆகவே இதுதான் முதல் படி.

கணக்கு எளிது. எழுத்துருவின் எம் சதுரம், அதாவது எழுத்தளவுக்குச் சமமான வரைகட்டம், 1000 அலகு என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய கோடு 28 அலகு. 72 பாயின்ட்டில் அது சுமார் 2 பாயின்ட் தடிமன், கம்பீரமாக நிற்கும். 24 பாயின்ட்டில் 0.67 பாயின்ட், பரவாயில்லை. 9 பாயின்ட்டில் 0.25 பாயின்ட், அச்சில் அங்கங்கே விட்டுப்போகும் அளவு அது. திரையில் 36 பிக்சல் உயரத்தில் அதே கோடு ஏறத்தாழ ஒரு பிக்சல். அதற்குக் கீழே போனால் கோடு சாம்பலாக மங்கி, எழுத்து துண்டு துண்டாகத் தெரியும்.

சுவரொட்டிக்கும் அட்டைக்கும் மட்டும் என்றால் 20 அலகு வரை துணியலாம். இணையப் பக்கத்தின் துணைத்தலைப்புக்கும் வேண்டும் என்றால் 40-க்குக் குறையாதீர்கள். இரண்டுக்கும் ஒரே எழுத்துரு போதும் என்று நடுவில் ஒரு எண்ணைப் பிடித்தால், பெரிய அளவில் மந்தமாகவும் சிறிய அளவில் பலவீனமாகவும் போய்விடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

2. அடிப்படை அளவுகளை எழுதி வையுங்கள்

1000 அலகு எம் சதுரத்தில், தொடக்கத்துக்கு நான் வைக்கும் எண்கள் இவை. பெரிய எழுத்தின் உயரம் 700. சின்ன எக்ஸின் உயரம் 520. கனத்த எழுத்தில் சின்ன எழுத்து கொஞ்சம் உயரமாக இருந்தால்தான் ஈ, ஏ, எஸ் போன்றவற்றின் உள்ளே மூச்சுவிட இடம் கிடைக்கும். மேலே நீளும் கோடுகள் 740, கீழே இறங்குபவை 200. பெரிய எழுத்தின் தண்டு 190, சின்ன எழுத்தின் தண்டு 175.

சின்ன எழுத்துக்கு ஏன் தண்டைக் குறைக்க வேண்டும்? இரண்டுக்கும் ஒரே தண்டு வைத்தால், உயரம் குறைந்த எழுத்து இன்னும் கறுப்பாகத் தெரியும். சொல்லின் முதல் எழுத்தைவிட மற்றவை கனத்துக் கிடக்கும்.

வளைந்த எழுத்துகளுக்கு இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஓ போன்ற வட்டமான எழுத்து, எச்-இன் உயரத்துக்குச் சரியாக நின்றால் கண்ணுக்குக் குள்ளமாகத் தெரியும். அதனால் மேலும் கீழும் சுமார் 12 அலகு கூடுதலாகப் போக வேண்டும். இதை ஓவர்ஷூட் என்பார்கள். அதேபோல் வளைவின் தடித்த பகுதி நேர்த்தண்டைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும்: எச் 190 என்றால் ஓ 205 அளவில். வளைவு தன் முழுத் தடிமனை ஒரே ஓர் இடத்தில்தான் தொடுகிறது, மற்ற இடமெல்லாம் மெலிந்துகொண்டே போகிறது. எண்ணைச் சமமாக வைத்தால் கண் அதைச் சமம் என்று ஏற்காது.

3. நான்கு எழுத்துகளை மட்டும் வரையுங்கள்

பெரிய எச், பெரிய ஓ, சின்ன என், சின்ன ஓ. இந்த நான்கும் திருப்தியாகும் வரை ஐந்தாவதைத் தொடாதீர்கள். நேர்த்தண்டு, வட்டம், வளைவு தண்டில் சேரும் இடம், செரிஃப் என்று எழுத்துருவின் பெரும்பாலான முடிவுகள் இந்த நான்கில் அடங்கிவிடும். இங்கே ஓர் எண்ணை மாற்றினால் நான்கு எழுத்தைத் திருத்தினால் போதும். கடைசியில் மாற்றினால் இருநூறு.

பெரிய எச்: இரண்டு தண்டு, நடுவில் மெல்லிய குறுக்குக்கோடு. குறுக்குக்கோட்டைச் சரிபாதியில் வைக்காமல் சற்று மேலே வையுங்கள். சரிபாதியில் வைத்தது கண்ணுக்குத் தாழ்ந்து தெரியும்.

பெரிய ஓ: புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. வெளிவட்டத்தை வரைந்து, அதையே நகலெடுத்துச் சுருக்கி உள்ளே வைக்கிறார்கள். கிடைப்பது சுற்றிலும் கனமான ஒரு வளையம். உள்வட்டத்தைத் தனியாக வரையுங்கள். அது குறுகி நெடிதான முட்டை வடிவம். பக்கங்களில் வெளிவட்டத்திலிருந்து 205 அலகு தள்ளியும், மேலும் கீழும் 28 அலகு மட்டும் தள்ளியும் நிற்கும். அந்த முட்டை நேராக நிற்கிறதா, இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் இங்கேயே தீர்மானியுங்கள். ஓ சாய்ந்தால் சி, ஈ, கியூ எல்லாம் சாய வேண்டும்.

வளைவில் புள்ளி வைக்கும் இடம் முக்கியம். மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு உச்சிகளில் மட்டும் வையுங்கள். புள்ளியிலிருந்து நீண்டு வளைவை இழுக்கும் ஹேண்டில்கள் கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் இருக்கட்டும். வளைவு சரியாக வரவில்லை என்று நடுவில் புள்ளி சேர்த்துக்கொண்டே போனால், பெரிய அளவில் அச்சாகும்போது அங்கே சின்னப் புடைப்பு தெரியும். தலைப்பு எழுத்து என்பதால் ஒளிந்துகொள்ள அதற்கு இடமே இல்லை.

சின்ன என்: தண்டு 175, உள்வெளி சுமார் 165, மறுபடி தண்டு 175. உள்வெளி தண்டைவிடச் சற்றே குறுகல் என்பதைக் கவனியுங்கள். இதைவிடக் குறுக்கினால் சின்ன எம் வரையும்போது மாட்டிக்கொள்வீர்கள். வளைவு இடத்தண்டில் சேரும் இடத்தை மெல்லிய கோட்டின் தடிமனுக்கு இறக்கி, ஆழமாக வெட்டிவிடுங்கள். அந்த மூலையில் கறுப்பு தேங்கினால் சொல் முழுக்கக் கறை படிந்தது போலாகும். தனி எழுத்தாகப் பார்க்கும்போது வெட்டு மிகை என்று தோன்றும், சொல்லாக வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.

4. செரிஃபை இப்போதே தீர்மானியுங்கள்

தண்டின் அடியில் செரிஃப் எப்படி இணைகிறது என்பதே எழுத்துருவின் குரல். மெல்லிய தட்டைக் கோடு செங்கோணத்தில் நின்றால் கூர்மையும் நாகரிகமும் வரும். வளைந்து இணைந்தால் இதமாக இருக்கும். கூப்பர் பிளாக் எழுத்துருவைப் போல முனை உருண்டால் விளையாட்டுத்தனம் வரும். மூன்றையும் கலக்காதீர்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை கணக்குப் போட்டுவிடுங்கள். சின்ன என்-இன் உள்வெளி 165. இரு பக்கத்திலிருந்தும் 55 அலகுச் செரிஃப் நீண்டால் நடுவில் மிஞ்சுவது 55. அதற்குக் குறைந்தால் இரண்டும் ஒட்டி, அடியில் கோடு போட்டது போலத் தெரியும். அதனால் உள்பக்கச் செரிஃபை வெளிப்பக்கத்தைவிடக் குட்டையாக வைப்பது வழக்கம். சின்ன எம்-இல் இன்னும் குறைக்கலாம், நடுத்தண்டின் செரிஃபை ஏறக்குறைய எடுத்தேவிடலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள்; எடுக்காமல் விட்டால்தான் கவனிப்பார்கள்.

5. மற்ற எழுத்துகளுக்குப் போகும் முன் இடைவெளி வையுங்கள்

இந்தப் படியைத் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். வரைந்து முடித்துவிட்டு இடைவெளி பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் எழுத்துக்கு வெளியே உள்ள வெள்ளையும் உள்ளே உள்ள வெள்ளையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். வெளியே எவ்வளவு என்று தெரியாமல் உள்ளே எவ்வளவு என்று முடிவு செய்ய முடியாது.

பெரிய எச்-ஐ நான்கு முறை தட்டுங்கள். அதன் செரிஃப் 60 அலகு வெளியே நீள்கிறது, இரு பக்கமும் 20 அலகு இடைவெளி என்றால், அடுத்தடுத்த இரண்டு எச்-இன் தண்டுகளுக்கு நடுவே 160 வெள்ளை. எச்-இன் உள்ளே சுமார் 260 இருக்கலாம். வெளிவெள்ளை உள்வெள்ளையைவிடக் குறைவு. தலைப்பு எழுத்துக்கு இந்த நெருக்கம் வேண்டும். நீண்ட பத்திகளுக்கான எழுத்துருவில் இது இன்னும் தளர்ந்திருக்கும்.

அடுத்து நடுவில் ஓ-வை வையுங்கள்: எச் எச் ஓ எச் எச். ஓ-வின் இருபுறமும் உள்ள வெள்ளை, எச்-களுக்கு நடுவே உள்ளதைப் போல உணரும் வரை ஓ-வின் பக்க இடைவெளியை மட்டும் மாற்றுங்கள். 40 அலகில் தொடங்கலாம். பிறகு ஓ ஓ எச் ஓ ஓ. சின்ன எழுத்துகளுக்கும் இதே முறை: என் என் ஓ என் என். சின்ன என்-இன் வலத் தோள் உருண்டு இறங்குவதால் வலப்பக்க இடைவெளி இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்.

இந்த எண்களெல்லாம் தொடங்குவதற்குத்தான். அச்செடுத்து, கையை நீட்டித் தள்ளி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஒரே சீரான பட்டையாகத் தெரிந்தால் தொடரலாம். எங்காவது கறுப்புத் திட்டோ வெள்ளைப் பொத்தலோ தெரிந்தால் இன்னும் இல்லை.

6. குடும்பம் குடும்பமாக வரையுங்கள்

சின்ன என்-இலிருந்து எச், எம், யு, ஆர். சின்ன ஓ-விலிருந்து சி, ஈ, பிறகு வயிறும் தண்டும் உள்ள எழுத்துகள். பெரிய எச்-இலிருந்து ஐ, ஈ, எஃப், எல். பெரிய ஓ-விலிருந்து சி, ஜி, கியூ. ஒவ்வொரு குடும்பமும் முடிந்ததும் இடைவெளியை அந்தக் குடும்பத்தின் தாயிடமிருந்து கடன் வாங்குங்கள்: நேர்த்தண்டுப் பக்கத்துக்கு எச் அல்லது என்-இன் எண், வட்டப் பக்கத்துக்கு ஓ-வின் எண்.

சாய்ந்த கோடுள்ள எழுத்துகளில் எந்தக் கோடு தடிமன், எது மெலிவு என்று குழம்புபவர்கள் பலர். பேனா பிடித்து எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் கோடு கனம், ஏறும் கோடு மெலிவு. அப்படியானால் பெரிய ஏ-வில் இடப்பக்கம் மெலிவு, வலப்பக்கம் கனம். பெரிய வி-யில் இடம் கனம், வலம் மெலிவு. பெரிய என்-இல் இரண்டு நேர்த்தண்டும் மெலிவு, சாய்கோடு கனம். பெரிய யு-வில் இடத்தண்டு கனம். இசட் மட்டும் விதிவிலக்கு: அதன் சாய்கோட்டைக் கனமாக்கி, மேல் கீழ்க் கோடுகளை மெலிவாக வைப்பது வழக்கம். ஏ-வை அப்படியே 180 பாகை சுழற்றித் தலைகீழாக்கினால் வி-க்கு வேண்டிய பக்கத்தில் கனம் வந்துவிடும். இடவலமாகத் திருப்பிவிட்டுத் தலைகீழாக்கினால் தப்பான பக்கத்தில் வரும். இந்தப் பிழை வெளியான எழுத்துருக்களில்கூடக் கண்ணில் படுகிறது.

எக்ஸில் ஒரு நுணுக்கம் உண்டு. தடித்த கோட்டைக் கடந்து போகும் மெல்லிய கோட்டை ஒரே நேர்கோடாக வரைந்தால், இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று விலகியது போலத் தெரியும். மேல் துண்டைக் கொஞ்சம் வலமாகவும் கீழ்த் துண்டைக் கொஞ்சம் இடமாகவும் நகர்த்தினால்தான் ஒரே கோடு போகிறது என்று கண் நம்பும்.

7. முரண்டு பிடிக்கும் எழுத்துகள்

சின்ன ஏ, ஈ, எஸ், ஜி நான்கும் கனத்த எழுத்துருவில் தனி நேரம் கேட்பவை. முதல் மூன்றில் 520 அலகு உயரத்துக்குள் மூன்று கிடைக்கோடுகளும் இரண்டு உள்வெளிகளும் அடங்க வேண்டும். கிடைக்கோடுகளை மெலிவாக வைத்து இடத்தை உள்வெளிக்குக் கொடுங்கள். சின்ன ஈ-யின் மேல் உள்வெளி அடைபடுகிறது என்றால் குறுக்குக்கோட்டைச் சற்றுக் கீழே இறக்குங்கள். ஜி-யை இரண்டு வயிற்றோடு வரைவதென்றால் மேல் வயிறு ஓ-வைவிடச் சிறிதாக, எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டைத் தொடாமல் நிற்கட்டும்.

எஸ்-இல் முதுகெலும்பு போன்ற நடு வளைவுதான் கனம். அதை முதலில் வரைந்து, பிறகு மேலும் கீழும் மெல்லிய வளைவுகளைச் சேருங்கள். மேல் பாதி கீழ்ப் பாதியைவிடச் சிறியது. தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். தலை கனத்து விழுவது போலத் தெரிந்தால் நேராக இருக்கும்போது சரியாக இருக்கிறது என்று பொருள். எஸ் ஒரே நாளில் முடிவதில்லை. வரைந்துவிட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள்.

சின்ன ஏ, சி, எஃப், ஆர் ஆகியவற்றின் முனையில் வரும் உருண்டைத் துளி எல்லாவற்றிலும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். தண்டைவிடச் சற்றுச் சிறிதாக வையுங்கள். அதே அளவு வைத்தால் சொல்லில் கறுப்புப் பொட்டுகள் மட்டும் துருத்தி நிற்கும்.

எண்களையும் குறியீடுகளையும் கடைசிக்கு விட்டாலும் அவசரமாக முடிக்காதீர்கள். தலைப்பில் ஆண்டும் விலையும் மேற்கோள் குறியும் அடிக்கடி வரும்.

8. கெர்னிங்

பக்க இடைவெளி சரியான பிறகுதான் கெர்னிங், அதாவது குறிப்பிட்ட இரண்டு எழுத்து சேரும்போது மட்டும் இடைவெளியை மாற்றுவது. ஐந்தாம் படியில் விட்ட குறையை இங்கே இணை இணையாகச் சரிசெய்யப் பார்த்தால் ஆயிரக்கணக்கான இணைகள் தேவைப்படும். எல்லா இணைகளிலும் ஒரே எழுத்து வந்து நின்றால், கோளாறு அந்த எழுத்தின் பக்க இடைவெளியில் இருக்கிறது.

ஏ-வி, எல்-ஒய், வி-சின்ன ஓ போன்ற இணைகளில் தொடங்குங்கள். ஒரே வடிவப் பக்கம் உள்ள எழுத்துகளைக் குழுவாக்கிக் கெர்ன் செய்தால் வேலை பல மடங்கு குறையும். மேலே குறியுள்ள ஏ-க்கள் எல்லாம் சாதாரண ஏ-வின் குழுவில் வரும்.

சின்ன எஃப் தனி ஜாக்கிரதை கேட்கும். அதன் வளைந்த தலையும் உருண்டைத் துளியும் அடுத்து வரும் ஐ-யின் புள்ளியில் மோதும். எஃப்-உம் ஐ-யும் ஒரே வடிவமாக இணைந்த லிகச்சர் ஒன்றை வரையலாம், அல்லது எஃப்-இன் தலையைக் குறுக்கிவிடலாம். எஃப்-இன் பின்னால் மேற்கோள் குறி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி வந்தால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். இந்த மூன்றையும் சோதிக்காமல் வெளியிட்டு, பிறகு மற்றவர் அச்சடித்த அட்டையில் மோதலைக் கண்டு வருந்தியவர்கள் உண்டு.

9. சோதனையும் ஏற்றுமதியும்

ஆங்கிலத்தில் 'அட்ஹீஷன்' என்ற சொல்லை எழுத்துக் கலைஞர்கள் சோதனைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். எட்டு எழுத்து, எட்டும் வேறு வேறு. சின்ன எழுத்துகளின் முக்கிய வடிவங்கள் அதில் வந்துவிடும். 'மினிமம்' என்பதையும் தட்டுங்கள், தண்டுகளின் தாளம் அதில் அப்பட்டமாகத் தெரியும். முழுக்கப் பெரிய எழுத்திலும் ஒரு வரி அச்செடுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஒரு வரி அவசியம்: அச்சில் மை பக்கவாட்டில் பரவி மெல்லிய வெள்ளைக் கோட்டை விழுங்கிவிடும்.

ஏற்றுமதிக்கு முன் நான் தவறாமல் பார்ப்பவை சில. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் வடிவங்களை ஏற்றுமதியின்போது இணைக்கச் சொல்லுங்கள். மூலக்கோப்பில் பிரிந்தே இருக்கட்டும், பின்னால் திருத்த உதவும். ஓ-வின் உள்ளே கறுப்பாக அடைத்து வந்தால் உள்வட்டத்தின் திசை தவறு, வெளிவட்டத்துக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். இடவெளி எழுத்தை, அதாவது ஸ்பேஸை, வரைய எதுவும் இல்லை என்பதால் பலர் மறந்தே போகிறார்கள். நெருக்கமான கனத்த எழுத்துக்கு 200 அலகு அளவில் வைத்துப் பாருங்கள்.

செங்குத்து அளவுகள் எழுத்துருக் கோப்பில் மூன்று இடங்களில் பதிவாகின்றன. மூன்றும் முரண்பட்டால் ஒரு மென்பொருளில் சரியாகவும் இன்னொன்றில் தலை வெட்டுப்பட்டும் வரும். ஒரே வரி உயரம் கிடைக்கும்படி பொருத்துங்கள், மிக உயரமான குறியுள்ள எழுத்து அதற்குள் அடங்குகிறதா என்றும் பாருங்கள். ஆவணத்துக்குள் எழுத்துருவைப் பதிக்கும் உரிமையைத் தடையின்றித் திறந்து வையுங்கள், இல்லையென்றால் பிடிஎஃப்பில் சேராமல் போகலாம். இணையத்துக்கு வோஃப்2 வடிவம், கணினியில் நிறுவ ஓடிஎஃப்.

10. தலைப்பில் அமர்த்துவது

இனி, சொந்த எழுத்துருவானாலும் சரி, அப்ரில் ஃபேட்ஃபேஸ், டிஎம் செரிஃப் டிஸ்பிளே, பிளேஃபேர் டிஸ்பிளே போன்ற திறந்த உரிம எழுத்துருவானாலும் சரி, வேலை ஒன்றுதான்.

முதலில் போலிக் கனத்தை அணையுங்கள். இணையத்தில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை இது. அப்ரில் ஃபேட்ஃபேஸ் எவ்வளவு கனமாக இருந்தாலும் கோப்பில் அதன் எடை 400, அதாவது ரெகுலர், என்றே பதிவாகியிருக்கிறது. இணையப் பக்கத் தலைப்புகளோ இயல்பாகவே போல்டு கேட்கும். உலாவி போல்டைத் தேடி, கிடைக்காமல், இருக்கும் எழுத்தையே செயற்கையாகத் தடிமனாக்கிவிடும். நீங்கள் காத்த உள்வெளியெல்லாம் அங்கேயே போய்விடும். தலைப்புக்கு ஃபான்ட்-வெயிட் மதிப்பை 400 என்று எழுதினால் தீர்ந்தது. பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் இதே காரணத்துக்காகப் போல்டு பொத்தானைத் தொடாதீர்கள்.

சொற்களைக் குறையுங்கள். ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போனால் கனத்த எழுத்து படிக்க முடியாத சுவராகிவிடும். தலைப்பு நீளம் என்றால் வேறு எழுத்துரு தேடுவதே மேல்.

வரி இடைவெளி எழுத்தின் அளவில் 0.95 முதல் 1.1 மடங்குக்குள். பத்திக்கு வைக்கும் 1.5-ஐ அப்படியே விட்டால் வரிகள் பிரிந்து மிதக்கும். மேல் வரியின் ஜி, ஒய் வால்கள் கீழ் வரியின் உயர்ந்த தண்டுகளில் மோதுகின்றனவா என்பதை அந்தத் தலைப்பின் உண்மையான சொற்களை வைத்தே பாருங்கள்.

மிகப் பெரிய அளவில் எழுத்து இடைவெளியை இன்னும் 10 முதல் 25 வரை குறைக்கலாம், எம்-இன் ஆயிரத்தில் பங்காக. முழுக்கப் பெரிய எழுத்தில் உள்ள தலைப்புக்கு நேர்மாறாகக் கொஞ்சம் கூட்டுங்கள். இணையத்தில் இதைத் தொட்டால் உலாவி லிகச்சர்களை அணைத்துவிடும், எஃப்-உம் ஐ-யும் அடுத்தடுத்து வரும் தலைப்பில் கவனம் வேண்டும். இன்டிசைனில் கெர்னிங் 'மெட்ரிக்ஸ்' என்று இருக்கட்டும். 'ஆப்டிகல்' என்று மாற்றினால் எட்டாம் படியில் செய்த கெர்னிங்கை மென்பொருள் கண்டுகொள்ளாது.

உடன் வரும் பத்திக்கு அமைதியான ஓர் எழுத்துரு போதும். தடிமன் வேறுபாடு அதிகமுள்ள இன்னொரு செரிஃப் பக்கத்தில் வந்தால் இரண்டும் போட்டி போடும். வெளிக்கோடு, நிழல் இரண்டும் வேண்டாம், மெல்லிய கோட்டை முதலில் கொல்பவை அவைதான். வெள்ளை எழுத்தைக் கரும்பின்னணியில் அச்சிடுவதானால் பின்னணி ஒரே மையில் இருக்கட்டும். நான்கு மை சேர்ந்த கறுப்பில் ஒரு தகடு இம்மியளவு நகர்ந்தாலும் செரிஃப் காணாமல் போகும்.

11. பக்கத்தில் தமிழும் வந்தால்

தமிழ் எழுத்தில் செரிஃபை ஒட்ட வைக்காதீர்கள். தட்டைக் கால் வைத்த க-வும் ப-வும் அந்நியமாகத்தான் தெரியும். கனமும் மெலிவும் மாறி வரும் தாளம் போதும், இரண்டு எழுத்தும் உறவாகத் தெரியும். பல எடைகளில் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் இப்படிச் சேர்த்துப் பார்க்க வசதியானது.

கனத்தை எண்ணைப் பார்த்துப் பொருத்த வேண்டாம். இரண்டு சுழி ன தாங்கும் தடிமனை மூன்று சுழி ண தாங்காது. ஆகவே தமிழின் தடித்த கோடு ரோமன் தண்டைவிட மெலிவாகவே இருக்கும். 'கண்ணாடி', 'எண்ணெய்', 'ஞாயிறு' என்று தட்டிப் பாருங்கள். சுழிகளுக்குள் வெள்ளை தெரியும் அதிகபட்சக் கனம்தான் உங்கள் கனம். பிறகு இரண்டு மொழியையும் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கி, ஒன்று மற்றொன்றைவிடக் கறுத்திருந்தால் எடையை ஒரு படி மாற்றுங்கள்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் ரோமனின் சின்ன எக்ஸுக்கும் பெரிய எச்-க்கும் இடைப்பட்ட உயரத்தில் தமிழை நிறுத்தினால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். ரோமனுக்கு வைத்த 0.95 வரி இடைவெளி இங்கே செல்லாது: மேலே புள்ளியும் கீ-யின் கொக்கியும், கீழே பூ, மூ-வின் வளைவுகளும் வரும். 1.3-இல் தொடங்குங்கள். மேல் வரியில் 'பூ', 'மூ' போன்றவற்றுக்கு நேர் கீழே 'ற்', 'கீ' வரும்படி ஒரு சோதனைத் தலைப்பை அடித்து, அவை ஒன்றையொன்று தொடாத இடம் வரை வரிகளை நெருக்கிக்கொண்டே வாருங்கள்.